காலியான தேனிலவு அறை

அந்த மலையில் தங்க வருகிறவர்களுக்கு இடப் பஞ்சம் கிடையாது. பேருந்து கடைசியாக நிற்கிற திருப்பத்தில் இறங்கினால் முதலில் ஹாஸ்டல். ஒரு காலத்தில் மரக்கிடங்காக இருந்த நீளக் கட்டடம். உள்ளே ரயில் பெட்டி மாதிரி மேலும் கீழுமாகக் கட்டில்கள். கொஞ்சம் ஏறினால் தேனீ வளர்க்கிறவர் வீடு. மாடியில் இருக்கும் ஒரே அறையை வாடகைக்கு விடுகிறார். அதைத் தாண்டினால் குடும்பங்கள் தங்குகிற லாட்ஜ், அப்புறம் சரிவில் கூடாரங்கள். சாலை ஏற ஏற வாடகையும் கூடவே ஏறி, இனிமேல் ஏற இடமில்லை என்கிற உச்சியில் ரிசார்ட்டில் போய் முட்டிக்கொண்டு நிற்கும்.

கீழ்க்கோடி ஹாஸ்டலை நடத்துகிறவள் வார்டனம்மா. மேல்கோடி ரிசார்ட்டின் மேனேஜர் அவள் புருஷன். இருவரும் சமவெளியில் ஒரே ஹோட்டலில் வேலை பார்த்து, ஒன்றாகவே மலையேறியவர்கள். வந்த இடத்தில் அவருக்கு உச்சி பிடித்துவிட்டது, அவளுக்குத் திருப்பம் பிடித்துவிட்டது. வார விடுமுறைக்கு அவர் இறங்கி வருவார். "தனித்தனியாவா இருக்கீங்க?" என்று யாராவது துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டால், "ஒரே வீடுதான். அவர் மாடி, நான் தரை. நடுவுல படிக்கட்டு கொஞ்சம் நீளம்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அவள் எங்கேயும் வார்டனாக இருந்தவள் இல்லை. விளக்கணைத்த பிறகு கிடார் வாசித்தால் கிடாரைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, காலையில் தேநீரோடு திருப்பிக் கொடுக்கிறவளுக்கு வேறு என்ன பேர் வைப்பார்கள்? யாரோ வைத்தார்கள், ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் வருத்தமில்லை. பேருக்குத் தகுந்த மாதிரி குரலையும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம், வெயில் வந்ததே என்று கம்பளிகளை எடுத்து வேலிக் கம்பியில் போட்டுக்கொண்டிருந்தாள். மேலேயிருந்து ஒரு பெண் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மலையில் பெட்டியோடு ஏறிப் போகிறவர்களைப் பார்க்கலாம்; இறங்கி வருகிறவர்கள் காரில் வருவார்கள். இவள் நடந்து வந்தாள். கடையில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறைகூடக் கழற்றாத புத்தம்புதுப் பெட்டி. மணிக்கட்டில் ரிசார்ட் விருந்தாளிகளுக்குக் கட்டிவிடுகிற தங்கநிறப் பட்டை. முகம் மட்டும் சண்டை போட்டுவிட்டு வருகிறவள் முகம்.

"ஒரு கட்டில் வேணும்" என்றாள்.

"மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?"

அந்தப் பெண் பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். எதையாவது நீயே சொல் என்று அவளைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று போல.

"மேல்" என்றாள் கடைசியில்.

"ஏணியில ஏறிடுவியா?"

"நான் ஸ்கூல்ல பி.டி. டீச்சர்."

"அப்ப ஏணியை எடுத்து வேற யாருக்காவது போட்டுடறேன்."

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவள் எதிர்பாராமல் வந்த சிரிப்பு. அதன் பின்னாலேயே கண்ணீரும் எட்டிப் பார்த்தது. வார்டனம்மா அதைப் பார்க்காத மாதிரி விரிப்பையும் தலையணை உறையையும் எடுத்து அவள் கையில் திணித்தாள். "விரிப்பை நீயே போட்டுக்கணும். குடிச்ச கப்பை நீயே கழுவணும். பொம்பளைங்க ரூமுக்குள்ள ஆம்பளைங்க வரக் கூடாது, அது யாரா இருந்தாலும் சரி. மத்தபடி இங்க சட்டமெல்லாம் கிடையாது."

"அந்தக் கடைசிச் சட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் பெண்.

தேநீர் போட்டுக் கொடுத்த பிறகு கதை தானாக வந்தது. கல்யாணம் முடிந்து ஒரு வாரம். மாப்பிள்ளை கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார், கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கிறவர். மாப்பிள்ளையுடைய அக்கா, அதாவது இவளுக்கு நாத்தனார், கல்யாணப் பரிசாக ரிசார்ட்டில் தேனிலவு அறை எடுத்துக் கொடுத்திருக்கிறார். வெறும் அறை மட்டும் இல்லை. காலையில் நீச்சல் தொட்டியில் மிதக்கிற தட்டில் சாப்பாடு, அப்புறம் ஜோடியாக எண்ணெய் மசாஜ், அப்புறம் புகைப்படக்காரர், சாயங்காலம் மெழுகுவர்த்தி. ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரம். ஒவ்வொன்றையும் படமெடுத்து நாத்தனாருக்கு அனுப்ப வேண்டும்.

"நேத்து ராத்திரி சாப்பாட்டுல ஒருத்தர் பக்கத்துல நின்னு வயலின் வாசிச்சாரு, வார்டனம்மா. அவர் போற வரைக்கும் நாங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே இருந்தோம். தாடை வலிக்குது எனக்கு."

"அதுக்காகவா இறங்கி வந்துட்ட?"

"இல்ல. அந்த மலைமுகட்டுக்கு நடந்து போலாமான்னு கேட்டேன். ஜன்னல்லேர்ந்து தெரியுது, கூப்பிடற தூரத்துல இருக்கு. அவர் அந்த நிகழ்ச்சி அட்டையைப் பாத்துட்டு, 'அது பேக்கேஜ்ல இல்லையே'ன்னாரு." கப்பைக் கீழே வைத்தாள். "ஊர்ல இருக்கறவங்க கண்ணையெல்லாம் சோதிக்கறவரு. எதிர்ல உக்காந்திருக்கிற என் மூஞ்சியைப் பாக்கல."

வார்டனம்மா ஆறுதலும் சொல்லவில்லை, புத்தியும் சொல்லவில்லை. "குளிக்க வெந்நீர் இருக்கு, போ" என்றாள்.

பெண் குளித்து வருவதற்குள் மேலேயிருந்து போன் வந்துவிட்டது.

"அங்க ஒரு பொண்ணு வந்திருக்கா?" என்றார் மேனேஜர். மூச்சு வாங்கியது.

"இங்க தினம் பத்து பொண்ணு வருது."

"விளையாடாத. தேனிலவு அறை கெஸ்ட். அந்தப் பையன் வரவேற்பறையில வந்து நிக்கறான், கையும் ஓடல காலும் ஓடல அவனுக்கு. அறையைப் போட்டவங்க யாருன்னு தெரியுமா? பையனோட அக்கா. டூரிஸ்ட் கம்பெனி வெச்சிருக்காங்க. வருஷம் பூரா நமக்கு ஆள் அனுப்பறது அவங்கதான். விஷயம் அவங்க காதுக்குப் போனா என் கதி அதோகதி. நீ அந்தப் பொண்ணைச் சமாதானப்படுத்தி மேல அனுப்பிடு."

"என்கிட்ட கட்டில் வாங்கிட்டா. இனிமே அவ என் கெஸ்ட்."

"உன் கெஸ்ட்டா? என்கிட்டேர்ந்து போனவ!"

"நான் இழுத்துட்டு வந்தேனா? அவளா நடந்து வந்தா. உங்க ரிசார்ட்ல நடக்கறதுக்கு வழி இருந்தா அங்கேயே நடந்திருப்பா."

"ஏம்மா, புருஷனுக்காக ஒரு தடவை..."

"புருஷனுக்காகத்தான் சொல்றேன். இப்ப அவளை இழுத்துட்டு வந்து விட்டா, நாளைக்கு மறுபடியும் இறங்குவா. அப்ப இங்க நிக்க மாட்டா, நேரா பஸ்ஸுல ஏறிடுவா. பையனை இங்க அனுப்புங்க."

மேனேஜர் பெருமூச்சு விட்டது மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் இந்தக் குரலில் பேசினால் வாதாடிப் பயனில்லை என்பதை அவர் கற்றிருந்தார்.

மாப்பிள்ளை வந்த கோலம்தான் கோலம். ரிசார்ட்டில் அறைக்குள் போட்டுக்கொள்ளத் தருகிற வெள்ளைப் பஞ்சுச் செருப்போடு அத்தனை சேற்றிலும் இறங்கி வந்திருந்தார். கால் இரண்டும் நனைந்த பூனைக்குட்டி மாதிரி இருந்தன. மூக்குக்கண்ணாடியில் பனி.

"என் மனைவி..." என்று உள்ளே நுழையப் போனார்.

"உள்ள போக முடியாது தம்பி. பொம்பளைங்க ரூம்."

"நான் அவங்க புருஷங்க!"

"ஆம்பளைங்கதானே?"

அதற்குள் பெண் ஈரத்தலையோடு வெளியே வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் பார்வை அவர் காலுக்கு இறங்கியது. சிரித்துவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"ரூமுக்குப் போலாம் வாங்க" என்றார் அவர்.

"நான் ரூம்லதான் இருக்கேன்."

"அக்கா கேட்டா நான் என்ன சொல்றது?"

பெண்ணின் முகத்தில் வந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. திரும்பி உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை வார்டனம்மாவைப் பார்த்தார். அவள் சாவிக் கொத்தை எடுத்தாள். "ஆம்பளைங்க ரூம்ல ஒரு கட்டில் இருக்கு. மேல் கட்டிலா, கீழ்க் கட்டிலா?"

"எதுவானாலும் சரிங்க."

"அதான் தம்பி உங்க பிரச்சினையே. எதுன்னு சொல்லுங்க."

கொஞ்ச நேரம் யோசித்து, "கீழ்" என்றார்.

ஹாஸ்டலில் எல்லோருக்கும் பொதுவாக ஒரே சமையலறை. சாயங்காலம் அங்கே கூட்டம் அம்மும்; அடுப்புக்கு வரிசை நிற்பார்கள். மாப்பிள்ளைக்கு முட்டை உடைக்கத் தெரியாது. முதல் முட்டை அடுப்பில் விழுந்தது, இரண்டாவது சட்டையில். பக்கத்தில் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்த அவர் மனைவி பொறுத்துப் பார்த்துவிட்டு, அவர் கையிலிருந்த முட்டையை வாங்கி ஒரே தட்டாகத் தட்டி உடைத்துப் போட்டாள். அவர் பதிலுக்குத் தொட்டியில் குவிந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். தன்னுடையதை மட்டும் இல்லை, எல்லோருடையதையும். கண்ணாடி துடைத்துப் பழகிய கை. தம்ளர்களெல்லாம் பளிச்சென்று வந்தன.

பெஞ்சின் இந்தக் கோடியில் அவள், அந்தக் கோடியில் அவர். நடுவில் உட்கார்ந்திருந்தவர்கள் சாப்பிட்டு எழுந்து போகப் போக இடைவெளி குறைந்தது. வார்டனம்மா மாவு டப்பாவைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றாள். நல்ல வேலைக்காரிதான், ஆனால் காது அவளுக்குக் கூர்மை.

"அம்மா போனப்ப நான் சின்னப் பையன்" என்றார் மாப்பிள்ளை. "அக்காதான் வளர்த்தாங்க. படிக்க வெச்சது, கடை வெச்சுக் கொடுத்தது எல்லாம் அவங்கதான். அவங்க ஒண்ணு சொன்னா இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்ல எனக்கு."

"எனக்கு மட்டும் இல்லைன்னு சொல்லிப் பழகியாச்சா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கழற்றினால் அவருக்கு ஒரு முழம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் அவள் இருக்கும் பக்கம் பார்த்து, "நாளைக்குக் காலையில முகட்டுக்குப் போலாம். எனக்கும் ஆசைதான். பயமாவும் இருக்கு, மூச்சு வாங்கும்" என்றார்.

"வாங்கட்டும். நான் இருக்கேன்ல?"

மறுநாள் காலையில் வார்டனம்மா படிக்கட்டுக்கு அடியிலிருந்த கூடையைக் கவிழ்த்தாள். வந்து தங்கியவர்கள் விட்டுவிட்டுப் போன செருப்பும் ஷூவும் அதில் உண்டு. ஒரு காலுக்குப் பழுப்பு, ஒரு காலுக்குக் கறுப்பு என்று மாப்பிள்ளைக்கு அளவு கிடைத்தது. ரொட்டியும் வெந்நீரும் கட்டிக் கொடுத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் போய்க் கொஞ்ச நேரத்தில் மேனேஜர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை குரலே எழும்பவில்லை. நேற்றிலிருந்து ஒரு படமும் வரவில்லை என்றதும் நாத்தனாருக்கு மூக்கு வேர்த்துவிட்டது. காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். ரிசார்ட்டில் யாரோ வாய் தவறி ஹாஸ்டல் என்று சொல்லிவிட்டார்களாம்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் வார்டனம்மா.

"அவங்க லேசுப்பட்டவங்க இல்ல."

"நான் மட்டும்?"

"அதான் பயமா இருக்கு" என்று சொல்லி வைத்துவிட்டார்.

உச்சி வெயில் நேரத்தில் கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாளுக்கு வயது ஐம்பதுக்குப் பக்கம். குதிகால் உயர்ந்த செருப்பு, கையில் இரண்டு போன், இரண்டும் மாறி மாறி ஒலித்துக்கொண்டிருந்தன. மரக்கிடங்கை மேலும் கீழும் பார்த்தார்.

"என் தம்பி எங்க?"

"வாங்க, உக்காருங்க. முகட்டுக்குப் போயிருக்காங்க. சாப்பாட்டுக்கு வந்துடுவாங்க."

"உக்கார வரல. இந்த மலையிலேயே நல்ல அறையைப் போட்டுக் கொடுத்தா, வந்து மாட்டுக் கொட்டகையில படுத்திருக்காங்களாம்! நீங்க என்ன சொல்லி இழுத்தீங்க?"

வார்டனம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் கோபத்தில் குரலை உயர்த்துகிற பழக்கம் அவளுக்கில்லை. கிடார்க்காரர்களிடம் மட்டும்தான் உயர்த்துவாள். கோபம் வந்தால் குரல் இறங்கும்.

"மேடம், இது மாட்டுக் கொட்டகை இல்ல. உங்க கம்பெனி எந்த இடத்துக்கும் ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி போய்ப் பாக்குமில்ல? உள்ள வந்து பாருங்க. விரிப்பைத் தூக்கிப் பாருங்க, குளியலறையைப் பாருங்க. பாத்துட்டு மாட்டுக் கொட்டகைன்னு சொன்னா ஒத்துக்கறேன்."

தொழிலில் ஊறியவர் நாத்தனார். வா என்று கூப்பிட்டால் பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. உள்ளே போனார். மெத்தையை அழுத்திப் பார்த்தார், ஜன்னல் விளிம்பில் விரலால் இழுத்துப் பார்த்தார், குழாயைத் திறந்து வெந்நீர் வருகிறவரை காத்திருந்தார். வெளியே வந்தபோது, "சுத்தமாத்தான் இருக்கு" என்றார், பல்லைப் பிடுங்கிக் கொடுக்கிறவர் மாதிரி.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் வந்தது, போயிற்று. அவர்கள் வரவில்லை. அதற்கும் மேல், மலைக்கே உரிய குணத்தில், வெயில் சட்டென்று உள்ளே போய் மூடுபனி இறங்கியது. முற்றத்தில் நின்ற கார்கூடக் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது.

வார்டனம்மா வாசலுக்குப் போய்ப் பாதையைப் பார்த்தாள். அந்தப் பாதையில் ஆபத்தான இடம் எதுவும் கிடையாது, எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறாள். ஆனால் ஒரு காலுக்கு ஒரு ஷூவோடு, கண் தெரியாத ஒரு மனிதரை அனுப்பியது இதுதான் முதல் தடவை. கவலையை முகத்தில் காட்டாமல் கம்பை எடுத்தாள். "நான் போய்ப் பாத்துட்டு வரேன். நீங்க இங்க இருங்க."

"நானும் வரேன்" என்றார் நாத்தனார்.

"அந்தச் செருப்போடயா?"

நாத்தனார் குனிந்து செருப்பைக் கழற்றினார். கூடையைத் தாமே துழாவி, தமக்குப் பொருந்துகிற ஷூவை எடுத்துப் போட்டுக்கொண்டார். போன் இரண்டையும் மேசையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்.

இருவரும் ஏறினார்கள். ஒரு கை தூரத்துக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நாத்தனார் பேசிக்கொண்டே வந்தார். பயந்தால் பேசுகிற ரகம். தம்பிக்குச் சின்ன வயதில் இழுப்பு இருந்ததாம், பனியே ஆகாதாம். அதனால்தான் வெளியே போகவே தேவையில்லாத அறையாகப் பார்த்து எடுத்தாராம்.

"அந்த அறையில நீங்க தங்கியிருக்கீங்களா?" என்று கேட்டாள் வார்டனம்மா.

"நானா? ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் அனுப்புவேன். நான் எங்கயும் போனதில்ல. கல்யாணம் ஆனப்ப தம்பி ஸ்கூல் போயிட்டிருந்தான், அவனை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? அப்புறம் எங்க வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடையைத் திறந்தார். ஞாயித்துக்கிழமைகூட மூட மாட்டார் மனுஷன்." கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார். "அந்த வயலின் இருக்கே, அது நான் சொல்லிச் சேத்தது."

அந்தத் தேனிலவு யாருடைய தேனிலவு என்று வார்டனம்மாவுக்கு இப்போது புரிந்தது.

அப்போதுதான் பனிக்குள்ளிருந்து விசில் சத்தம் வந்தது. விளையாட்டுத் திடலில் ஊதுகிற மாதிரி, நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. வார்டனம்மா இரண்டு கையையும் வாயருகே குவித்துக் குரல் கொடுத்தாள். பதிலுக்கு மறுபடி விசில். அப்புறம் சிரிப்புச் சத்தம். ஆண் குரல், மூச்சு வாங்க வாங்க, அடக்க முடியாத சிரிப்பு.

"யாரது?" என்றார் நாத்தனார்.

"உங்க தம்பிதான்."

"அவன் இப்படிச் சிரிக்க மாட்டானே!"

பனியிலிருந்து முதலில் பெண் வந்தாள், வாயில் விசில். ஒரு கையால் மாப்பிள்ளையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தாள். அவர் கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டிருந்தார். பனியில் அது இருந்தும் பயனில்லை. முட்டியில் சேறு, முகமெல்லாம் சிவப்பு. முகட்டிலேயே பனி சூழ்ந்துகொண்டதால், அது கொஞ்சம் விலகுகிறவரை ஒரு பாறை மறைவில் உட்கார்ந்திருந்தார்களாம். அங்கே அவர் அவளுக்குக் கண் பரிசோதனை அட்டையில் இருக்கிற எழுத்தையெல்லாம் வரிசை மாறாமல் ஒப்பித்துக் காட்டினாராம். அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

அக்காவைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பழக்கதோஷத்தில் பெண்ணின் கையை விடப் போனார். பிறகு என்ன நினைத்தாரோ, விடவில்லை.

ஹாஸ்டலுக்கு வந்து எல்லோரும் சூடாக சூப் குடித்தார்கள். நாத்தனார் கப்பைக் கீழே வைத்தார். "சரி. நடந்தது நடந்து போச்சு. பெட்டியை எடுங்க, காருல ஏறுங்க. ரிசார்ட்ல இன்னும் மூணு நாள் இருக்கு."

"இல்லக்கா" என்றார் மாப்பிள்ளை.

நாத்தனார் தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தார்.

"என்னடா?"

"நாங்க அங்க வரல. நீ ஆசையாத்தான் செஞ்ச, எனக்குத் தெரியும். ஆனா அங்க இருந்தா நாங்க உனக்குப் படம் எடுத்து அனுப்பிக்கிட்டே இருப்போம். பேசிக்க மாட்டோம்." ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. யாரையாவது ஒரு பிடி பிடிக்க வேண்டும் என்று சுற்றிப் பார்த்தார். இத்தனை பெரிய மனுஷி அந்தப் பெஞ்சில் சின்னப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார், காலில் யாருடையதோ ஷூ.

வார்டனம்மா மேசைக்கு வந்தாள். "மேடம், நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த அறை மேல சும்மா கெடக்கு. வயலின்காரர் சாயங்காலம் வருவாரு. யாருக்கு வாசிப்பாரு? நீங்க போய்த் தங்குங்க."

"தேனிலவு அறையிலயா? நானா?"

"கட்டில் வயசு கேக்காது."

"என்ன பேச்சு பேசறீங்க..." என்றவருக்கு அந்த வயதிலும் கன்னம் சிவந்தது.

பெண் எழுந்து வந்து நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவர் எதிரே நின்றேதான் பேசியிருக்கிறாள். "போங்க அண்ணி. அண்ணாவைக் கூப்பிடுங்க. கடையை ஒரு நாள் மூடினா மூடட்டும். தண்ணியில தட்டு மிதந்து வருமே, எனக்கு அது பிடிக்கல, உங்களுக்குப் பிடிக்கும்."

"அவர் வர மாட்டார்மா."

"கேட்டுப் பாருங்க. கேட்டாத்தானே தெரியும்?"

நாத்தனார் போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். உள்ளே மூன்று பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காரைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். முதலில் கை ஆட்டி ஆட்டி, அப்புறம் கை ஆடாமல், அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு. திரும்பி வந்தபோது, "சாயங்கால பஸ்ஸுக்கு வரேங்கறார்" என்றார். தாமே நம்பாத மாதிரி மறுபடியும் சொன்னார். "'இத்தனை வருஷமா நீ கூப்பிடவே இல்லையே'ங்கறார், அந்த மனுஷன்!"

வார்டனம்மா மேலே போன் போட்டாள். "உங்க அறை காலியில்ல. ஆள் அனுப்பறேன்."

"அப்பாடா! சமாதானமாயிட்டாங்களா? புதுமணத் தம்பதிதானே?"

"புதுசுன்னு சொல்ல முடியாது. நல்லா ஓடின வண்டி. ரோஜாப்பூ மட்டும் கொஞ்சம் தாராளமா போடச் சொல்லுங்க."

நாத்தனாரின் கார் மேலே போனபின், பெண்ணும் மாப்பிள்ளையும் வார்டனம்மாவிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றார்கள். அவர் அவளைப் பார்த்தார், அவள் அவரைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை யார் கேட்பது என்று கண்ணாலேயே இழுபறி.

"இங்க ரெண்டு பேர் தங்கற மாதிரி ரூம்..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தார்.

"இங்க கிடையாது. உங்களுக்காகச் சட்டத்தை மாத்த முடியாது." இருவர் முகமும் வாடுவதை ஒரு நிமிடம் ரசித்துவிட்டு, "தேன்காரர் மாடியைக் கேட்டு வெச்சிருக்கேன். ஒரு கட்டில், ஒரு ஜன்னல், ஒரு பல்பு. கதவு கொஞ்சம் இழுத்துச் சாத்தணும். யாரும் வயலின் வாசிக்க மாட்டாங்க, தேனீ மட்டும் பாடும்" என்றாள்.

பெண் வார்டனம்மாவைக் கட்டிக்கொண்டாள். மேல் கட்டிலின் விரிப்பைத் தானே உருவி, மடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். இருவரும் ஒரே பெட்டியின் கைப்பிடியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பாதையில் ஏறிப் போனார்கள். தனியாக ஒருத்தர் இழுத்தால் சுலபமாகப் போயிருக்கும்; இப்படித் தூக்கிக்கொண்டு தடுமாறிக்கொண்டுதான் போனார்கள்.

அடுத்த வாரம் விடுமுறைக்கு மேனேஜர் இறங்கி வந்தார். அந்த அம்மாளும் ஹார்டுவேர் கடைக்காரரும் கூடுதலாக ஒரு நாள் தங்கிவிட்டுப் போனதைச் சொன்னார். கடைக்காரர் நீச்சல் தொட்டியில் இறங்கினால் ஏறவே மறுத்தாராம். குழாய் இணைப்பு ஒன்று ஒழுகுவதைப் பார்த்து அவரே சரிசெய்தும் கொடுத்தாராம். நாத்தனார் தங்கிய அத்தனை நாளும் ஒரு படம்கூட எடுக்கவில்லையாம். போகும்போது, தம் கம்பெனி ஆட்களை இனிமேல் இரண்டு இடத்துக்கும் அனுப்புவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"ரெண்டு இடத்துக்குமா?" என்றாள் வார்டனம்மா. "என்கிட்ட முன்கூட்டியே சொல்லணும். கிடாரோட வர்றவங்களுக்கு வேற விதி."

மேனேஜர் தேநீரை ஊதிக்கொண்டே அவளைப் பார்த்தார். "ஏம்மா, இந்த மலைக்கு வந்து இத்தனை வருஷமாச்சு. நாம எங்கயாவது விருந்தாளியா தங்கியிருக்கோமா?"

அவள் கம்பளியை மடிப்பதை நிறுத்தினாள். "இல்லையே."

"அடுத்த வாரம் ரெண்டு நாள் லீவு சொல்லிடறேன். மேல வா. பள்ளத்தாக்கைப் பாத்த அறை."

"அங்க எல்லாரும் உங்க ஆளுங்க. 'சார், சார்'னு சுத்தி நிப்பாங்க. எனக்குத் தூக்கம் வராது. கூடாரத்துக்குப் போலாம்."

"கூடாரமா? என் இடுப்பு என்னாகறது?"

"அப்ப லாட்ஜ்."

"லாட்ஜ்ல தலையணை கல்லு மாதிரி. எனக்குத் தெரியும், அந்த மேனேஜரைத் தெரியும்."

"தேன்காரர் மாடி?"

"அதுல அந்தப் பசங்க இன்னும் காலி பண்ணலயாமே!"

இருவரும் அந்த மலையை அறை அறையாகப் பிரித்துப் போட்டு வாதாடிக்கொண்டிருந்தபோது பேருந்து வந்து திருப்பத்தில் நின்றது. முதுகுப் பைகளோடு ஒரு கூட்டம் இறங்கியது. அதில் ஒருவன் தோளில் கிடார். வார்டனம்மா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"நீங்க யோசிச்சு வைங்க" என்றாள் புருஷனிடம். "தோ வந்துடறேன்."